மண்ணைத் தின்னும் நுண்ணங்கியைக் காட்டி எங்கள் வாயை மூட முடியாது



"மருந்து அடிச்சா ரெண்டு மூணு கிழமையில மண்ணோட மண்ணாப் போயிடும். மண்ணுக்குள்ள இருக்கிற கிருமியே எல்லாத்தையும் தின்னுடும்." களைநாசினி பற்றிப் பிரட்டுக்களத்தில் யாராவது வாய் திறந்தால் கிடைக்கிற பதில் இதுதான். இப்போது அதற்கும் ஒரு படி மேலே போய், நஞ்சைத் தின்னும் நுண்ணங்கியைப் போத்தலில் வாங்கி ஊற்றினால் மலை முழுவதும் சுத்தமாகிவிடும் என்ற பேச்சும் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

எங்களில் சிலர் இதைக் கேட்டுவிட்டு "அப்படியா, சரி" என்று டாங்கியை முதுகில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வேறு சிலர் "எல்லாம் ஏமாற்று வேலை" என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே பிழை. நுண்ணங்கி நஞ்சை உடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையில் பாதியை மட்டும் சொல்லி, மற்றப் பாதியை எங்களுக்குச் சொல்லாமல் விடுகிறார்கள். இரண்டு பாதியையும் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால்தான் துரைக்கு முன்னாலும் அதிகாரிக்கு முன்னாலும் எங்கள் பேச்சு எடுபடும்.

சொல்லப்படும் பாதி

ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி வரை பற்றீரியாக்கள் இருக்கின்றன. பங்கசுகள் வேறு. கவாத்து வெட்டி மலையில் விட்ட கொப்பும் இலையும் ஒன்றிரண்டு வருடத்தில் எங்கே போகிறது? இவைதான் அதை மக்கச் செய்து மண்ணாக்குகின்றன. ஒவ்வொரு நுண்ணங்கியும் நொதியம் என்ற பொருளைச் சுரந்து, பெரிய மூலக்கூறைச் சிறிதாக வெட்டி, அதிலிருந்து தன் உணவை எடுத்துக்கொள்கிறது. சில நுண்ணங்கிகள் பீடைகொல்லியையும் அதே விதமாக வெட்டி உண்ணப் பழகிவிடுகின்றன.

இது நேற்று வந்த கதை இல்லை. 1949 இல் பிரித்தானிய விஞ்ஞானி ஓடஸ், 2,4-டி என்ற களைநாசினியை மண்ணினூடாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். முதல் தடவை அது மறைவதற்கு நாள் எடுத்தது. அதே மண்ணில் இன்னொரு தடவை விட்டபோது விரைவாக மறைந்தது. அதை உண்ணும் பற்றீரியாக்கள் அதற்குள் மண்ணில் பெருகியிருந்தன.

1973 இல் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதன் என்ற இந்திய விஞ்ஞானியும் யோஷிடா என்ற ஜப்பானிய விஞ்ஞானியும், டயசினோன் என்ற பூச்சிநாசினியை உடைக்கும் ஒரு பற்றீரியாவை நெல் வயலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நரம்பைத் தாக்கும் அந்த வகை நஞ்சுகளை நுண்ணங்கியால் உடைக்கும் ஆராய்ச்சிக்கு அது பெரிய தொடக்கமாக அமைந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், களைநாசினி சிந்திக் கிடந்த ஒரு விற்பனை நிலையத்தின் மண்ணிலிருந்து அட்ரசின் என்ற களைநாசினியை உண்ணும் பற்றீரியாவைக் கண்டுபிடித்தார்கள். 1995 இல் அது வெளியானது. அட்ரசின் சந்தைக்கு வந்ததே 1950களின் கடைசியில்தான். மனிதன் புதிதாகச் செய்த ஒரு நஞ்சை உண்ண மண் நாற்பது வருடத்துக்குள் பழகிக்கொண்டது.

ஆகவே நுண்ணங்கியைப் பழிக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. மலையில் எங்களைப் போலவே சத்தமில்லாமல் வேலை செய்யும் கூட்டம் அது.

சொல்லாமல் விடும் பாதி

முதலாவது, நுண்ணங்கியின் வாய்க்கு எட்டாத நஞ்சு இருக்கிறது. பரகுவாட்டை எங்கள் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பரிசோதனைச்சாலையில் தண்ணீரில் கரைத்து வைத்தால் அதை உடைக்கக்கூடிய நுண்ணங்கிகள் உண்டு. ஆனால் மண்ணில் விழுந்தவுடன் அது களித் துகளில் இறுக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை நுண்ணங்கி தொட முடியாது. அப்படியே வருடக்கணக்காகக் கிடக்கும். கிளைபொசேற்றும் இரும்பும் அலுமினியமும் நிறைந்த புளிப்பு மண்ணில் பலமாக ஒட்டும். எங்கள் தேயிலை மண் அந்த மாதிரியான மண்தான்.

இரண்டாவது, பாதியில் நிற்கும் உடைப்பு. எண்டோசல்பான் மண்ணில் உடைந்தால் எண்டோசல்பான் சல்பேற்று என்ற பொருள் உண்டாகும். தாயைப் போலவே அதுவும் நஞ்சு, அதைவிட நீண்ட காலம் மண்ணில் நிற்கும். "மருந்து மறைந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், "என்னவாக மாறியது?" என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, உடைக்கவே முடியாதது. கொப்புள நோய் 1946 இல் இந்த நாட்டுத் தேயிலைக்கு வந்தது. அன்றிலிருந்து செப்பு மருந்தை அடிக்கிறோம். செப்பு ஒரு மூலகம். உலகத்திலுள்ள எந்த நுண்ணங்கியும் அதை வெட்டி வேறொன்றாக்க முடியாது. அடிக்க அடிக்க மண்ணில் சேரும். அளவு கூடினால் நல்ல நுண்ணங்கிகளையே அது கொல்லும்.

நான்காவது, நுண்ணங்கிக்கும் சாப்பாடும் ஈரமும் வேண்டும். சேதனப் பொருள் நிறைந்த மேல்மண்தான் அதன் வீடு. களைநாசினி அடித்துச் சரிவை மொட்டையாக்கினால், அடுத்த பெருமழையில் மேல்மண் கானுக்குள் ஓடும். நுண்ணங்கியும் அதோடு போய்விடும். நஞ்சு ஒட்டிய களியோ ஆற்றுக்கும் குளத்துக்கும் போய்ச் சேரும். வெறும் மண்ணில் போத்தல் நுண்ணங்கியை ஊற்றுவது, அடுப்பும் அரிசியும் இல்லாத வீட்டுக்குச் சமையல்காரரை அனுப்புவது போன்றது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நுண்ணங்கி புது மண்ணில் தங்காமல் செத்துப்போவதும் சாதாரணமாக நடப்பதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான ஐந்தாவது ஒன்று இருக்கிறது. நுண்ணங்கி வேலை செய்வது மண்ணில், நாட்கணக்கில், மாதக்கணக்கில். மருந்தடிப்பவரின் தோலில் நஞ்சு இறங்குவது அன்றைக்கே. ஒழுகும் டாங்கியிலிருந்து முதுகில் வடியும் மருந்தை எந்த மண் பற்றீரியா வந்து தின்னும்? காற்றில் வந்த தூறலை மூச்சில் இழுத்த நெஞ்சை எது கழுவும்? "மண்ணில் மறைந்துவிடும்" என்பது மண்ணைப் பற்றிய பதில். நாங்கள் கேட்பது மனிதரைப் பற்றிய கேள்வி. அந்தப் பதிலை இந்தக் கேள்விக்குச் சொல்லித் தப்பிக்க விடக்கூடாது.

மார்ட்டினிக் தொழிலாளர் கண்ட பாடம்

கரீபியன் கடலில் மார்ட்டினிக், குவாதலூப் என்று இரண்டு தீவுகள் உண்டு. பிரான்சின் ஆட்சியில் இருப்பவை. அங்கே வாழைத் தோட்டங்கள். அந்தத் தொழிலாளர்களின் முன்னோர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 19ஆம் நூற்றாண்டில் எங்கள் முன்னோரைப் போலக் கப்பலேற்றிக் கொண்டுபோன இந்தியக் கூலிகளின், தமிழர்களின் வம்சமும் அங்கே உண்டு.

வாழைக் கிழங்கைத் துளைக்கும் வண்டுக்கு 1972 முதல் குளோர்டிகோன் என்ற மருந்தை அங்கே போட்டார்கள். 1974 இல் மார்ட்டினிக் வாழைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு, நச்சு மருந்துகளை நிறுத்த வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. அந்த வருடம் பெப்ரவரியில் ஆயுதப் பொலிசார் சுட்டதில் ரெனோர் இல்மனி என்ற தொழிலாளி உயிரிழந்தார். மறுவருடம், 1975 இல், அதே மருந்தைச் செய்த அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர்களுக்குக் கை கால் நடுக்கம் கண்டு தொழிற்சாலையே மூடப்பட்டது. அதற்குப் பிறகும் தீவுகளில் அந்த மருந்து நிற்கவில்லை. பிரான்ஸ் 1990 இல் தடை செய்தது. வாழைத் தோட்டங்களுக்கு மட்டும் 1993 வரை விலக்குக் கொடுத்தது.

இன்று அந்தத் தீவுகளில் வளர்ந்தோரில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அந்த நஞ்சு இருக்கிறது. சில மண்வகையில் அது நூற்றுக்கணக்கான வருடங்கள் கிடக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். நுண்ணங்கி வந்து தின்னவில்லையா? தேடினார்கள். ஒட்சிசன் இல்லாத பரிசோதனைக் குப்பியில் அதை மாற்றக்கூடிய பற்றீரியாவைக் கண்டும் பிடித்தார்கள். குப்பியில் நடந்தது தோட்டத்து மண்ணைச் சுத்தமாக்கிவிடவில்லை. மருந்தோடு வேலை செய்தவர்களின் புரஸ்டேட் புற்றுநோயைத் தொழில்நோயாகப் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது 2021 டிசம்பரில். 1974 இல் தொழிலாளி கேட்ட கேள்விக்குச் சட்டம் வாய் திறக்க 47 வருடம் சென்றது.

அன்று அந்தத் தொழிலாளர்களின் பேச்சைக் கேட்டிருந்தால், இன்று நுண்ணங்கியைத் தேடி அலைய வேண்டி வந்திருக்காது. விஞ்ஞானம் வருமுன் தொழிலாளியின் தோலுக்கும் மூக்குக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்கு மதிப்புக் கொடுக்கச் செய்வதுதான் சங்கத்தின் வேலை.

இங்கே யாரைக் கேட்டார்கள்?

எங்கள் மலைகளின் கதையும் வேறில்லை. 1930களில் இலை சுருட்டிப் புழுவை அடக்க ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது தன் வேலையை நன்றாகச் செய்தது. 1950களில் கொப்பைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்தார்கள். அது குளவியையும் கொன்றது, புழு மறுபடியும் பெருகியது. மண்ணிலும் மரத்திலும் இலவசமாக வேலை செய்யும் உயிர்களைக் கொன்றுவிட்டுப் பிறகு காசு கொடுத்து வாங்குவது அன்றே தொடங்கிவிட்டது.

பரகுவாட் 2008 முதல் படிப்படியாக நிறுத்தப்பட்டது. கிளைபொசேற் 2015 இல் தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாகத் தோட்டங்களில் வேறு களைநாசினிகள் வந்தன. 2018 இல் இலங்கைத் தேயிலையில் எம்.சி.பி.ஏ. களைநாசினியின் எச்சம் தங்கள் எல்லையைத் தாண்டியிருக்கிறது என்று ஜப்பான் சொன்னது. அந்த எல்லை 0.01 பி.பி.எம். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. அதே வருடம் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபொசேற் மறுபடியும் அனுமதிக்கப்பட்டது.

ஜப்பானில் தேநீர் குடிப்பவரின் கோப்பைக்காகப் பத்துக் கோடியில் ஒரு பங்கை அளந்தார்கள். அளக்கட்டும், அது சரிதான். ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்த தாயின் கை? மருந்தடித்த தோழரின் இரத்தம்? மருந்தடித்த மலைக்குக் கீழே உள்ள பீலித் தண்ணீர்? உங்கள் தோட்டத்தில் இவற்றை அளந்து, எழுதி, உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்களா?

"களைநாசினி இல்லாவிட்டால் புல்லை யார் வெட்டுவது, ஆளில்லையே" என்பார்கள். புல் மண்டிய மலையில் அட்டையும் பாம்பும் குளவிக்கூடும் எங்களுக்குத்தான் ஆபத்து. அதனால் மலையைக் காடாக விடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. 2021 இல் செய்தது போல ஒரே இரவில் எல்லாவற்றையும் தடை செய்யவும் கேட்கவில்லை. அதனால் பட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆள் ஏன் இல்லை? ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த தொழிலில் இளையவர்கள் எப்படி நிற்பார்கள்? சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை நஞ்சால் நிரப்புகிறார்கள். பிறகு நஞ்சை நிரவ நுண்ணங்கியைத் தேடுகிறார்கள்.

கம்பனி போகும், மண் இங்கேயே இருக்கும்

1992 இல் தொடங்கிய 53 வருடக் குத்தகை 2045 இல் முடிகிறது. கம்பனிக்கு இந்த மண் ஒரு தவணைக் கணக்கு. எங்களுக்கு அப்படி இல்லை. இன்று பாலர் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது குடும்பம் நடத்தும் வயதில் இருப்பார்கள்.

இப்போது பல தோட்டங்களில் தேயிலைக் காணியைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் ஒப்படைத்துக் கொழுந்தைக் கிலோ கணக்கில் எடுக்கும் முறை பரவுகிறது. பெயர் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். மருந்து அடிக்கும் கை எங்கள் வீட்டுக் கையாகிறது, சில வேளை பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் கையாகவும் ஆகிறது. நாளைக்கு மண் பழுதென்றால் "நீங்கள்தானே பராமரித்தீர்கள்" என்று சொல்ல வழி திறந்திருக்கிறது. இத்தனை வருடம் அந்தத் துண்டில் என்ன அடிக்கப்பட்டது என்ற கணக்கை வாங்காமல் அதை ஏற்பது, கடன் எவ்வளவென்று தெரியாமல் பிணை நிற்பதற்குச் சமம்.

வீட்டுக் காணியும் அப்படித்தான். புது வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் என்று கிடைப்பது பெரும்பாலும் தேயிலை நின்ற மண். அதில் கீரையும் போஞ்சியும் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறோம். அந்த மண்ணைச் சோதித்துக் கொடு என்று கேட்பது எங்கள் உரிமை.

நாங்கள் கேட்பது

ஒன்று. எந்த மலையில், எந்தத் திகதியில், என்ன மருந்து, எவ்வளவு, யார் அடித்தார் என்ற பதிவு தமிழில் பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும். மருந்து லேபலில் சொன்ன காலம் முடியும் வரை அந்த மலைக்குக் கொழுந்தெடுக்க யாரையும் அனுப்பக்கூடாது.

இரண்டு. ஒழுகாத டாங்கி, கையுறை, சப்பாத்து, முகமூடி, வேலை முடிந்து குளிக்கத் தண்ணீரும் நேரமும் கம்பனியின் செலவு. இவை இல்லாமல் மருந்தடிக்க மறுப்பவருக்குப் பேர் வெட்டக்கூடாது.

மூன்று. மருந்தடிக்கும் ஒவ்வொருவருக்கும் வருடா வருடம் இரத்தப் பரிசோதனை. முடிவு தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். நோய் வந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழக்கு வைக்க அந்தத் துண்டுக் கடதாசிகள்தான் சாட்சி.

நான்கு. காணித் துண்டோ வீட்டுக் காணியோ கைமாறுமுன் மண்ணும் பக்கத்துப் பீலித் தண்ணீரும் சோதிக்கப்பட வேண்டும்.

ஐந்து. நுண்ணங்கி வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். கவாத்துக் குப்பையை மலையிலேயே விட வேண்டும். கிளிரிசீடியா, டடப் தழையை வெட்டிப் போட வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மண்ணில் குவாட்டமாலா புல்லோ மானாப் புல்லோ 18 முதல் 24 மாதம் வளர்க்க வேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிலையமே சொல்லும் முறை. அந்தக் காலத்தைச் சுருக்கக்கூடாது. இந்த வேலைக்கெல்லாம் முழுப் பேர் போட வேண்டும். போத்தல் நுண்ணங்கி வாங்குவதென்றால், எந்த நஞ்சை, எங்கள் மண்ணில், எத்தனை நாளில், என்னவாக உடைக்கும் என்ற பரிசோதனை முடிவை முதலில் காட்ட வேண்டும்.

நாங்களே செய்ய வேண்டியவையும் உண்டு. டாங்கியைப் பீலியடியில் கழுவக் கூடாது. மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ வைக்கக் கூடாது. மருந்தடித்த உடுப்பைப் பிள்ளையின் உடுப்போடு ஊறப்போடக் கூடாது. மரக்கறித் தோட்டத்துக்கு நாள் சம்பளத்துக்குப் போகும்போதும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அங்கே அடிக்கும் பூச்சிநாசினிகளில் நரம்பைத் தாக்கும் வகையும் உண்டு.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரே ஒரு காரியத்தைத் தொடங்குங்கள். ஸ்டோரில் உள்ள மருந்துகளின் லேபலை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அவை பதிவு செய்யப்பட்டவையா, மண்ணில் எவ்வளவு காலம் நிற்கும் என்று பேராதனையிலுள்ள பீடைகொல்லிப் பதிவாளரிடமும் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுதுவதற்குச் சங்கம் துணை நிற்கும்.

மண்ணில் உள்ள நுண்ணங்கி தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதைச் சாட்டாக வைத்துத் தன் கடமையிலிருந்து நழுவுகிறவர்களை நாங்கள் விடப்போவதில்லை. கொப்பியும் பேனையும் எடுங்கள் தோழர்களே, முதல் லேபலிலிருந்து தொடங்குவோம்.